நீதிமன்றத்தில் குழந்தைக்காகப் பரிந்து பேசுவோர்

முன்னுரை

தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க இயலாத ஒருவரைக் குறித்துத் தீர்ப்பு வழங்க வேண்டிய நிலை, நீதிபதி ஒருவருக்கு நேரும் மிகக் கடினமான நிலைகளுள் ஒன்றாகும். சாலொமோன் அரசன் முன் இரு பெண்கள் வழக்காடியபோது, எக்குழந்தையைக் குறித்து வழக்கு நடந்ததோ அக்குழந்தை பேசவில்லை. நேரில் கண்ட சாட்சியும் எவருமில்லை. அரசனின் ஞானத்தைப் போற்றும் நாம், அன்று அவனுக்கிருந்த இடர்ப்பாட்டைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே இடர்ப்பாடு இன்றைய குழந்தைநல நீதிமன்றங்களில் நாள்தோறும் எழுகின்றது.

இதனைக் களைய அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒரு முறை வழங்கி வருகின்றது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வளரும் குழந்தை ஒன்றுக்காக, ஊதியம் பெறாத ஒரு தொண்டரை நீதிபதியே நியமிக்கின்றார். அவர் அக்குழந்தையை நேரில் கண்டு, அதன் வாழ்வை ஆராய்ந்து, அதன் நலன் யாதென நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்கின்றார். இத்தொண்டரை ‘நீதிமன்றம் நியமித்த சிறப்புப் பரிந்துரையாளர்’ என்று கூறலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘காசா’ எனச் சுருக்கமாக வழங்குகின்றனர். அந்நாட்டுத் தமிழ்ச் சபைகளில் பணியாற்றும் ஆயர்களும், ஆதரவற்றோர் இல்லங்களோடு தொடர்புடைய நம் நாட்டு ஆயர்களும் இம்முறையை அறிந்திருத்தல் பயனுடையது. இதன் தோற்றம், செயல்முறை, இதன்மீது எழுந்துள்ள கண்டனங்கள், இறையியல் நோக்கில் இது எழுப்பும் வினா ஆகியவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

1. வளர்ப்புப் பராமரிப்பு என்பது யாது?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தத்து என்பது நிலையானது. தத்தெடுத்தவர் சட்டப்படி பெற்றோராகின்றார். பிறப்பித்த பெற்றோரின் உரிமை முடிவடைகின்றது. வளர்ப்புப் பராமரிப்போ தற்காலிகமானது. கொடுமைக்கோ புறக்கணிப்பிற்கோ உள்ளானதாகக் கருதப்படும் குழந்தையை அரசின் குழந்தைநலத் துறை பெற்றோரிடமிருந்து பிரித்து, உறவினர் வீட்டிலோ, உரிமம் பெற்ற வளர்ப்புக் குடும்பத்திலோ, இல்லம் ஒன்றிலோ வைக்கின்றது. பெற்றோரின் உரிமை அப்போது அற்றுப்போவதில்லை. குழந்தை மீண்டும் தன் வீட்டிற்குத் திரும்ப வேண்டும் என்பதே தொடக்கத்தில் பெரும்பாலான வழக்குகளின் குறிக்கோளாகும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அந்நாட்டில் ஏறத்தாழ 3,43,000 குழந்தைகள் இவ்வாறு அரசின் பராமரிப்பில் இருந்தனர். இவர்கள் பெரும்பாலும் அநாதைகள் அல்லர் என்பது நாம் கருத்திற்கொள்ள வேண்டிய முதற்செய்தி. இவர்களுக்குத் தாயோ தந்தையோ உண்டு. பாட்டியும் உடன்பிறந்தோரும் உண்டு. இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பிரிக்கப்பட்டதற்குப் பதிவான காரணங்களுள் ‘புறக்கணிப்பு’ என்பது இடம்பெறுகின்றது; உடலைத் துன்புறுத்தியமை காரணமாகப் பிரிக்கப்பட்டோர் அதைவிட மிகக் குறைவு. புறக்கணிப்பு எங்கே தொடங்குகின்றது, வறுமை எங்கே முடிகின்றது என்னும் வினா இங்குதான் எழுகின்றது. அதற்குப் பின்னர் வருவோம்.

2. வரலாற்றுப் பின்னணி

இத்துறையின் வரலாற்றில் திருச்சபையினரின் பங்கு பெரிது. அதில் போற்றத்தக்கதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு.

நியூயார்க் நகரில் இறையியல் பயின்ற சார்லஸ் லோரிங் பிரேஸ் என்பவர் 1853இல் குழந்தைகள் உதவிச் சங்கத்தை நிறுவினார். தெருவில் திரிந்த பிள்ளைகளைச் சிறையிலோ பெரும் விடுதிகளிலோ அடைப்பதைவிடக் குடும்பங்களில் வளர்ப்பதே மேல் என்பது அவர்தம் கொள்கை. 1854 முதல் 1929 வரை ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகள் இரயிலில் ஏற்றப்பட்டு நாட்டின் நடுப்பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் அனுப்பப்பட்டனர். அநாதை இரயில்கள் என அவை பெயர் பெற்றன. ஆயினும் அப்பிள்ளைகளுள் பலர் அநாதைகள் அல்லர். ஏழைக் குடியேறிகளின் மக்களாவர். கத்தோலிக்கரின் பிள்ளைகள் சீர்திருத்தச் சபைக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டமையால் கசப்பும் விளைந்தது. அன்பின் பெயரால் தொடங்கிய பணி, பெற்றோரின் சொல்லுக்கு இடமளிக்காதபோது எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை.

பிறிதொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. 1873ஆம் ஆண்டின் இறுதியில் எட்டா வீலர் என்னும் மெதடிஸ்ட் சபை ஊழியப் பெண் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளைச் சந்தித்து வந்தார். மேரி எலன் என்னும் சிறுமி அங்குக் கொடுமைக்கு ஆளாவதை அவர் அறிந்தார். அவர் எங்குச் சென்று முறையிட்டும் பயனில்லை. இறுதியில், விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பவரை நாடினார். வழக்கு 1874 ஏப்ரலில் நீதிமன்றம் சென்றது, சிறுமி மீட்கப்பட்டாள். விலங்குகளுக்கான சட்டத்தின்கீழ் அவள் மீட்கப்பட்டாள் எனப் பரவலாகக் கூறப்படுவது சரியன்று. ஆளை நீதிமன்றத்தின் முன் கொணரும் ஆட்கொணர்வுச் சட்டத்தின் வழியாகவே அவள் கொண்டுவரப்பட்டாள். அவ்வாண்டின் இறுதியிலேயே குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் அந்நகரில் தோன்றியது. வீடு வீடாகச் சென்று கண்ட ஒரு பெண், தான் கண்டதை நீதிமன்றத்தின் செவிக்கு எட்டச் செய்தார். பின்னர் எழுந்த தொண்டர் முறையின் கரு இதிலேயே காணப்படுகின்றது எனலாம்.

1899இல் சிக்காகோவில் முதல் இளையோர் நீதிமன்றம் அமைந்தது. 1962இல் மருத்துவர் ஹென்றி கெம்ப் என்பாரும் அவர்தம் குழுவினரும் அடிக்கப்பட்ட குழந்தைகளின் உடற்காயங்கள் பற்றி வெளியிட்ட கட்டுரை நாட்டின் மனச்சான்றைத் தட்டியெழுப்பியது. அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் கொடுமையை அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றின. 1974இல் நாடு முழுமைக்குமான குழந்தை வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நீதிமன்றம் செல்லும் ஒவ்வொரு குழந்தை வதை வழக்கிலும் அக்குழந்தைக்கென ஒரு வழக்குக் காப்பாளர் நியமிக்கப்பட வேண்டும் என்பதை, நடுவண் அரசின் நிதியைப் பெற விரும்பும் மாநிலங்களுக்கு அச்சட்டம் ஒரு நிபந்தனையாக்கியது. ஆனால், அத்தனை காப்பாளர்களுக்கு எங்கே போவது?

3. சியாட்டில் நீதிபதியின் முயற்சி

இவ்வினாவிற்கு ஒரு விடை வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் பிறந்தது. அங்குக் கிங் மாவட்ட உயர்நிலை நீதிமன்றத்தில் டேவிட் சூக்கப் என்பவர் நீதிபதியாக இருந்தார். அரசுத் துறை ஒன்று கூறும். பெற்றோரின் வழக்கறிஞர் மற்றொன்று கூறுவார். குழந்தையைப் பற்றி மட்டுமே எண்ணி, குழந்தைக்காக மட்டுமே பேசுபவர் ஒருவரும் இல்லை. போதிய செய்தியின்றித் தாம் தீர்மானிப்பவை அவரை உறுத்தின. பொதுமக்களிடமிருந்து தொண்டர்களைப் பயிற்றுவித்து இப்பணியில் அமர்த்தினால் என்ன என்று அவர் எண்ணினார். ஆர்வமுள்ளோர் சிலரை நண்பகல் உணவு வேளையில் சந்திக்க அழைப்பு விடுத்தார். நான்கைந்து பேர் வரலாம் என எதிர்பார்த்த அவர்முன் ஏறத்தாழ ஐம்பது பேர் வந்து நின்றனர். 1977இல் திட்டம் தொடங்கிற்று.

1982இல் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1990இல் நிறைவேறிய குழந்தை வதையால் பாதிக்கப்பட்டோர் சட்டம் இத்திட்டங்களை விரிவாக்க நிதி ஒதுக்க வகை செய்தது. வழக்குக் காப்பாளர் வழக்கறிஞராகவோ, பயிற்சி பெற்ற இத்தகைய தொண்டராகவோ, இருவருமாகவோ இருக்கலாம் என்று 1996இல் திருத்தப்பட்ட சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. இன்று பெரும்பாலும் எல்லா மாநிலங்களிலும் தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்ட திட்டங்கள் இயங்குகின்றன. வட கரோலினா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் இத்தொண்டர்கள் ‘கார்டியன் ஆட் லைட்டம்’ என்னும் பழைய இலத்தீன் பெயராலேயே அறியப்படுகின்றனர்.

4. வழக்கின் போக்கு

தொண்டரின் பணியை அறிய, வழக்கு செல்லும் வழியை அறிதல் வேண்டும். 1980இல் இயற்றப்பட்ட சட்டம் இரு கடமைகளை வகுத்தது. குழந்தையைப் பிரிக்காமலிருக்கவும், பிரித்தால் மீண்டும் சேர்க்கவும் அரசு தக்க முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் வழக்கு மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது மற்றொன்று. 1997ஆம் ஆண்டுச் சட்டம் காலவரையறையைக் கடுமையாக்கியது. பன்னிரண்டு மாதங்களுக்குள் குழந்தையின் நிலையான இல்லம் எது எனத் திட்டமிடும் விசாரணை நடைபெற வேண்டும். கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் குழந்தை அரசின் பராமரிப்பில் இருந்திருப்பின், பெற்றோர் உரிமையை நீக்குமாறு அரசு மனுச் செய்ய வேண்டும். குழந்தை உறவினரிடம் வளர்தல், அரசு செய்ய வேண்டிய உதவிகளைச் செய்யாதிருத்தல், மனுச் செய்வது குழந்தையின் நலனுக்கு ஒவ்வாது எனத் தக்க காரணம் காட்டுதல் ஆகியன விதிவிலக்குகளாம்.

பெற்றோர் உரிமையை நீக்குதல் எளிதாக நிகழத்தக்கதன்று. தெளிவானதும் உறுதியூட்டுவதுமான சான்று அதற்கு வேண்டும் என 1982இல் உச்ச நீதிமன்றம் சான்டோஸ்கி வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும் பதினைந்து மாதங்கள் என்பது, குடிநோயிலிருந்து மீள முயலும் ஒரு தாய்க்கு மிகக் குறுகிய காலம். நான்கு வயதுக் குழந்தைக்கோ அது வாழ்நாளில் பெரும்பகுதி. இவ்விரு கணக்குகளுக்கும் இடையில்தான் நீதிபதி தீர்மானிக்க வேண்டியுள்ளது. தொண்டரின் அறிக்கைக்கு மதிப்பு ஏற்படுவதும் இங்குதான்.

5. தொண்டர் செய்வதும் செய்யாததும்

தொண்டராக விரும்புவோர் பொதுவாக 21 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். அவரைப் பற்றிய குற்றப் பதிவுகளும் குழந்தை வதைப் பதிவுகளும் ஆராயப்படுகின்றன. நேர்காணலுக்குப் பின் குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி உண்டு. அதன்பின் ஆண்டுதோறும் 12 மணி நேரத் தொடர்பயிற்சி பெற வேண்டும். பயிற்சி முடிந்ததும் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுக்கின்றார். ஊதியம் பெறும் மேற்பார்வையாளர் ஒருவர் அவருக்கு வழிகாட்டுகின்றார். துறையின் பணியாளர் பல வழக்குகளைச் சுமப்பவர்; தொண்டரோ ஒரே வேளையில் ஒரு வழக்கையோ இரண்டையோதான் ஏற்கின்றார். அவருடைய வலிமை அவரது புலமையில் இல்லை. அவருக்குள்ள நேரத்தில் இருக்கின்றது.

அவர்தம் கடமைகளை நான்காக வகுக்கலாம். குழந்தை, பெற்றோர், உறவினர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரைக் கண்டும் ஆவணங்களைப் படித்தும் உண்மையை ஆராய்தல்; வழக்கில் தொடர்புடையோர் ஒருவரோடொருவர் கலந்து பேச வழிசெய்தல்; குழந்தையின் நலன் யாதென நீதிமன்றத்தில் எடுத்துரைத்தல்; நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நிறைவேறுகின்றதா எனக் கண்காணித்தல்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக் காண்போம். இரவுப் பணிக்குச் செல்லும் தாய் ஒருத்தி ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் வீட்டில் தனியே விட்டுச் சென்றாள். அண்டை வீட்டார் அறிவித்தனர்; பிள்ளைகள் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வைக்கப்பட்டனர். தாய் பெற்றோர் பயிற்சி வகுப்பிற்குச் செல்ல வேண்டும், நிலையான வீடு பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆறு மாதங்களுக்குப்பின் வந்த துறையின் அறிக்கை, தாய் ஒத்துழைக்கவில்லை என்றது. இதற்கிடையில் பணியாளர் இருமுறை மாறிவிட்டனர்.

இவ்வழக்கில் நியமிக்கப்பட்ட தொண்டர் என்ன செய்கின்றார்? தாயின் வீட்டிலிருந்து வகுப்பு நடைபெறும் இடத்திற்குத் தாமே பேருந்தில் சென்று பார்க்கின்றார். இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். வகுப்பு முடியும் நேரமும் பணி தொடங்கும் நேரமும் மோதுகின்றன. பள்ளிக்குச் செல்கின்றார். மகள் பாடத்தில் பின்தங்குவது மனவேதனையால் மட்டுமன்று, கரும்பலகை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆசிரியை கூறுகின்றார். கண்ணாடிக்கு யார் கையொப்பமிடுவது என்று தெரியாமல் மாதங்கள் கழிந்திருக்கின்றன. தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சிறுமி ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கின்றாள். தாய்வழிப் பாட்டி பக்கத்து ஊரில் இருக்கின்றாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. தொண்டர் இவற்றையெல்லாம் தேதியிட்டு எழுதுகின்றார். மாலை வகுப்பு, கண்ணாடி, உடன்பிறந்தோர் வாரந்தோறும் சந்திக்க ஏற்பாடு, பாட்டி வீட்டை ஆய்வு செய்தல் என நான்கு பரிந்துரைகளை முன்வைக்கின்றார். ‘ஒத்துழைக்காத தாய்’ என்னும் ஒற்றைச் சொற்றொடருக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை நீதிபதிக்குத் தெரியவருகின்றது. தாய் உண்மையிலேயே முயலவில்லை என்று கண்டிருப்பின் அதையும் அவர் அவ்வாறே எழுதக் கடமைப்பட்டவர்.

தொண்டர் செய்யலாகாதவை பல. அவர் வழக்கறிஞர் அல்லர். சட்ட ஆலோசனை கூறலாகாது. மனநல மருத்துவரும் அல்லர். குழந்தையைத் தம் வீட்டிற்கு அழைத்துச் செல்லலாகாது. குடும்பத்திற்குப் பணம் கொடுத்தலையும் பெரும்பாலான திட்டங்கள் தடை செய்கின்றன. உதவி செய்பவர் தம் உதவிக்கு நன்றியை எதிர்பார்ப்பார்; நன்றி எதிர்பார்ப்பவரின் கண் நடுநிலை தவறும். இவ்விதிகளின் உட்பொருள் இதுவே.

6. நலனும் விருப்பமும்

தொண்டர் கூறுவது குழந்தையின் நலனையா, விருப்பத்தையா? பொதுவாக வழக்கறிஞர் தம் கட்சிக்காரர் விரும்புவதை வாதாடுகின்றார். தொண்டரோ குழந்தைக்கு எது நல்லது எனத் தாம் ஆராய்ந்து கண்டதைக் கூறுகின்றார். பதினான்கு வயதுச் சிறுவன் தாயிடம் திரும்ப விரும்புகின்றான். தொண்டரோ அது இப்போது பாதுகாப்பன்று எனக் கருதுகின்றார் என்று கொள்வோம். சிறுவனின் விருப்பத்தை மறைக்காமல் அவன் சொற்களிலேயே நீதிமன்றத்திற்குத் தெரிவித்து, அதன்பின் தம் கருத்து வேறுபடுவதையும் அதற்கான காரணத்தையும் கூறுவதே ஒழுங்கு. ஒருவருக்காகப் பேசுகின்றேன் என்று கூறிக்கொண்டு அவர் குரலை விழுங்கிவிடும் ஆபத்து, பரிந்து பேசும் ஒவ்வொரு பணிக்கும் உண்டு. பிரசங்க பீடத்தில் நின்று ஏழைகளுக்காகப் பேசும் நமக்கும் அது உண்டு.

7. எழுந்துள்ள கண்டனங்கள்

இம்முறையைப் புகழ்ந்து மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. குழந்தைநலத் துறையின் கை கறுப்பின மக்கள்மீதும் பூர்வகுடியினர்மீதும் மிகுதியாக விழுகின்றது. 1969, 1974 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கணக்குகளின்படி, பூர்வகுடிக் குழந்தைகளுள் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் தங்கள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர். இதன் விளைவாகவே 1978இல் பூர்வகுடிக் குழந்தைநலச் சட்டம் பிறந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. சட்டப் பேராசிரியை டாரதி ராபர்ட்ஸ் போன்றோர், வறுமையையே புறக்கணிப்பாகக் கருதிக் கறுப்பினக் குடும்பங்களைப் பிரிப்பதாக இத்துறையைக் கடுமையாகச் சாடியுள்ளனர்.

தொண்டர் முறையையும் இக்கண்டனம் விட்டுவைக்கவில்லை. 2016இல் ஏமி மல்சர், டாரா அர்ஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் சட்ட இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை பரவலாக விவாதிக்கப்பட்டது. தொண்டர்களுள் மிகப்பலர் வெள்ளையர், நடுத்தர வகுப்பினர், பெண்கள். அவர்கள் மதிப்பிடும் குடும்பங்களோ பெரும்பாலும் ஏழைகள், சிறுபான்மை இனத்தார். ஒரு வீட்டின் இருக்கைகளையும் சமையலறையையும் பார்க்கும் தொண்டர், தம் வீட்டோடு அதனை ஒப்பிடாமல் இருக்க முடியுமா? குழந்தைக்குத் தேவை நல்லெண்ணம் கொண்ட அந்நியரா, பயிற்சி பெற்ற வழக்கறிஞரா? இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல.

ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. தொண்டர் நியமிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் உதவிகள் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் பெற்றோரிடம் திரும்புவது குறைவாக இருப்பதாகச் சில கூறுகின்றன. நீதிபதிகள் மிகக் கடினமான வழக்குகளுக்கே தொண்டர்களை நியமிப்பதால் நேரடி ஒப்பீடு எளிதன்று. எனினும் இரண்டாவது முடிவை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளலாகாது.

8. இறையியல் நோக்கில்

‘திக்கற்ற பிள்ளைகள்’ என்று நம் தமிழ்த் திருமறை கூறுமிடங்களில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘யாத்தோம்’ என்பதாகும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளை என்று நாம் பொருள் கொள்கின்றோம். ஆனால், தந்தையை இழந்த பிள்ளை என்பதே அச்சொல்லின் பொதுப்பொருள், தாய் உயிரோடிருக்கலாம். நியாயப்பிரமாண நூல்களிலும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் அச்சொல் ‘விதவை’ என்னும் சொல்லோடு மீண்டும் மீண்டும் இணைந்து வருவது தற்செயலன்று. ஊர் வாயிலில் நடைபெற்ற நியாயசபையில் பேச வல்ல ஆண்மகன் இல்லாத வீட்டின் தாயும் சேயுமே அவ்விருவர். அவர்கள் நிலம் பறிபோகும். மேலாடை அடகுக்குப் போகும். அவர்கள் வழக்கை விசாரிக்கும்படி தீர்க்கதரிசிகள் கேட்டபோது, சேயைத் தாயிடமிருந்து பிரித்துக் காப்பாற்றும்படி கேட்கவில்லை. இருவருக்கும் நியாயம் செய்யும்படியே கேட்டனர்.

இக்கருத்து நம் கட்டுரைப் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துகின்றது. குழந்தையின்மேல் இரங்கும் இரக்கம், அதன் தாய்மேல் சினமாக மாறுவது மிக எளிது. அநாதை இரயில்களை அனுப்பியோரின் இரக்கமும் இத்தகையதே. தாயைச் செவிமடுக்காத ஒருவர் குழந்தைக்காக முழுமையாகப் பரிந்து பேச இயலாது. தாய் கொடியவளாக இருப்பதும் உண்டு. பிள்ளையைக் காக்கப் பிரித்தே ஆக வேண்டிய வழக்குகளும் உண்டு. ஆயினும் அம்முடிவு ஆராய்ச்சியின் இறுதியில் வர வேண்டுமேயன்றித் தொடக்கத்திலேயே இருத்தலாகாது.

மற்றொரு சொல் ‘பராக்லேத்தோஸ்’. அருகில் நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது இக்கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு இதனை யோவான் நற்செய்தியில் ‘தேற்றரவாளன்’ என்றும், யோவானின் முதலாம் நிருபத்தில் ‘பரிந்து பேசுகிறவர்’ என்றும் பெயர்த்துள்ளது. அருகில் நிற்றலும் பரிந்து பேசுதலும் ஒரே சொல்லுள் அடங்கியிருப்பது சிந்தனைக்குரியது. அருகில் நில்லாதவர் பேசும் பேச்சு வழக்கறிவு மட்டுமே. பேசாது அருகில் மட்டும் நிற்பவர், தீர்ப்பு வழங்கப்படும் நாளில் குழந்தையைத் தனியே விட்டுவிடுகின்றார்.

9. ஆயர்கள் கவனிக்க வேண்டியவை

இப்பணிக்குத் தம் சபையாரை ஊக்குவிக்கும் ஆயர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, இரகசியம் காத்தல். வழக்கின் செய்தி எதுவும் வெளியிடத்தக்கதன்று. சபைகளில் இரகசியம் கசியும் வழி பெரும்பாலும் வம்புப் பேச்சன்று, ஜெபக் குறிப்பே. பெயர் சொல்லாமல் ஜெபிக்கக் கேட்டாலும், சிறு ஊரில் குழந்தை எதுவென எல்லாரும் அறிவர். தொண்டர் ஆயரிடமும் சொல்லலாகாது. ஆயர் கேட்கவும் கூடாது.

இரண்டாவது, நியமித்தது நீதிமன்றம், திருச்சபை அன்று. ஆகவே, தொண்டர் இப்பணியை மதமாற்றத்திற்கோ சபை வளர்ச்சிக்கோ பயன்படுத்தலாகாது. குழந்தையின் குடும்பத்தாருடைய சமயத்தையும் பண்பாட்டையும் மதித்துக் காப்பது அவர்தம் கடமையின் ஒரு பகுதி.

மூன்றாவது, அந்நாட்டின் பல மாநிலங்களில் குருமாரும் குழந்தை வதையை அரசுக்கு அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். பாவ அறிக்கையில் கேட்டவற்றிற்குச் சில மாநிலங்கள் விலக்களிக்கின்றன, சில அளிப்பதில்லை. தம் மாநிலத்துச் சட்டத்தை ஒவ்வோர் ஆயரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, விடாமை. வழக்கு ஓராண்டிற்கு மேலும் நீளலாம். பணியாளரும் ஆசிரியரும் வளர்ப்பு வீடும் மாறிக்கொண்டே இருக்கும் குழந்தையின் வாழ்வில், மாறாத ஒரே முகம் தொண்டருடையதாக இருக்கக்கூடும். இடையில் விட்டுவிடுபவர் அக்குழந்தை கண்ட பிரிவுகளோடு மற்றொன்றைச் சேர்க்கின்றார். ஆகவே எழுச்சிக் கூட்டத்தில் கை உயர்த்தச் செய்து ஆள் சேர்க்கும் பணியன்று இது. ஆராய்ந்து, குடும்பத்தாரோடு கலந்து பேசி, காலம் உண்டா எனக் கணக்கிட்ட பின்னரே இறங்கத்தக்கது.

ஐந்தாவது, எல்லாருக்கும் உரிய வேறு வழிகளும் உண்டு. குழந்தை பிரிக்கப்படுவதற்கு முன்பே தாய்க்கு வாடகை, பிள்ளை பார்த்துக்கொள்ளும் உதவி, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றில் கைகொடுத்தல் சபையால் இயலும். தொண்டருக்குத் தடை செய்யப்பட்ட இவ்வுதவி, தொண்டரல்லாத சபையாருக்குத் தடை செய்யப்படவில்லை. நீதிமன்றத்திற்கு வராமலே முடிந்துபோகும் வழக்கே நல்ல வழக்கு.

நம் நாட்டில் இதே அமைப்பு இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் இயங்கும் குழந்தைகள் நலக்குழு, பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளைக் குறித்து முடிவு செய்கின்றது. வளர்ப்புப் பராமரிப்பிற்கும் அச்சட்டம் இடமளிக்கின்றது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், விசாரணைக் காலம் முழுவதும் குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபர் ஒருவரை அக்குழு நியமிக்க வகை செய்கின்றன. பணி ஒன்றன்று, எனினும் அருகில் நிற்றல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது. நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ உண்டு, அவர்களிடம் பிள்ளைகள் திரும்ப யார் முயல்கின்றனர் என்று இல்லப் பொறுப்பிலுள்ள ஆயர்கள் கேட்டுப் பார்ப்பது நன்று.

முடிவுரை

நீதிபதிக்குச் சட்டம் தெரியும். துறைக்கு விதிகள் தெரியும். வழக்கறிஞருக்கு வாதம் தெரியும். குழந்தைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதை நேரில் சென்று பார்த்தவர் மட்டுமே அறிவார். அதனைப் பார்த்து, உள்ளது உள்ளவாறு எழுதி, உரிய நாளில் உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இத்தொண்டு. இது சாலொமோனின் ஞானத்தைக் கேட்கவில்லை. தவறாமல் போவதையும், தாயிடமும் சேயிடமும் ஒரே செவியோடு கேட்பதையும், கண்டதற்கு மேலும் குறைவுமின்றிச் சொல்வதையும் கேட்கின்றது. சபையாரைச் சந்திக்கச் செல்லும் ஆயருக்கும் இம்மூன்றும் உரியனவே.